கூடம் கோணலா? ஆட்டம் கோணலா?

நம் ஊரின் பெயரிலேயே வண்டி இருக்கிறது. ஆனால் இடுக்கி மாவட்டம் முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரு ரயில் நிலையம் கிடையாது. எல்லைக்கு அப்பால் போடிநாயக்கனூருக்கு 2023 ஜூன் மாதம் ரயில் திரும்பி வந்தது. மலை ஏறி வரவில்லை. அப்படிப்பட்ட வண்டிப்பெரியாரில் பிறந்து, ரயில்வேயில் பெட்டிகளையும் வேகன்களையும் பரிசோதிக்கும் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்று, மீண்டும் இதே ஊருக்கு வந்து சேர்ந்தவன் நான். படித்தது பொறியியல் டிப்ளமோ மட்டும்.

கணிப்பொறியைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். கணிப்பொறி என் துறை அன்று. ஆனால் பழுதுபட்ட ஒன்று நம்மிடம் வந்து சேர்ந்தால் அதை என்ன செய்வது என்பதுதான் என் வாழ்நாள் தொழிலாக இருந்தது. இக்கட்டுரையின் பொருளும் அதுவே.

சென்ற மழைக்காலத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து எஸ்டேட் லயத்தில் ஓர் அக்கா இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட வேண்டும்; கடைசித் தேதிக்கு இரண்டே நாள் பாக்கி. மடித்து மடித்து நைந்துபோன பழைய காகிதங்களைப் பேரன் கைப்பேசியில் படம் பிடித்து, ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கி, பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தான். அதை முந்தானையில் முடிந்துகொண்டு கடைத்தெருவில் உள்ள ஒரு கணிப்பொறிச் சேவை மையத்துக்கு வந்தார். நானும் வேறொரு வேலையாக அதே வரிசையில் நின்றிருந்தேன்.

அவருடைய முறை வந்தது. அங்கிருந்த பெண் கோப்பை ஏற்றினாள். திரை அப்படியே உறைந்து நின்றது. இயந்திரத்தை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அந்த மென்பொருளுக்கு ஒரு குணம்: விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்று அதே கோப்பைத்தான் முதலில் எடுக்கும். எடுத்தது, மறுபடி நின்றது. நான்கு முறை இதே கதை. வெளியே மழை, உள்ளே இருபது பேருக்கு மேல். பாதி நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், பீருமேட்டிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். மாலை வரை யாருக்கும் எந்த வேலையும் நடக்கவில்லை.

வரிசையில் முணுமுணுப்பு தொடங்கியது. தமிழிலும் மலையாளத்திலுமாக எல்லாச் சொற்களும் அந்த அக்காவின் மேல்தான் விழுந்தன. "ஒரு கிழவி கொண்டாந்த குப்பையால எல்லாருக்கும் வேலை கெட்டுப்போச்சு" என்று நம்மவர் ஒருவரே சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பி, "நான் மிஷினைத் தொடக்கூட இல்லையே, தம்பி" என்றார். அதற்கு மேல் பேச அவருக்குக் குரல் வரவில்லை.

பிறகு விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. கோப்பு முழுவதும் பென் டிரைவில் பதிவாகி முடிவதற்குள் பேரன் அவசரத்தில் அதைப் பிடுங்கியிருக்கிறான். கோப்பின் முன்பாதி இருந்தது, பின்பாதி இல்லை. மறுநாள் காகிதங்களை நேரடியாக ஸ்கேன் செய்து பத்தே நிமிடத்தில் விண்ணப்பத்தை முடித்தோம். ஆனால் முதல் நாள் வரிசையில் நின்றவர்களின் அரைநாள் திரும்பி வரவில்லை. அந்த அக்காவின் முகமும் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

கோப்பு கெட்டிருந்தது உண்மை. ஆனால் அன்றைய பிற்பகல் கெட்டதற்குக் காரணம் கோப்பா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கெட்ட கோப்பு ஒன்று வந்ததும் தானும் விழுந்து, தனக்குப் பின்னால் நின்ற எல்லோரையும் விழவைத்த மென்பொருளைப் பற்றி அன்று ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கோப்பு எப்படி இயந்திரத்தை நிறுத்தும்?

கோப்பு என்பது வெறும் எழுத்துக் குவியல் அன்று. அதன் தலைப்பில் சில குறிப்புகள் இருக்கும்: உள்ளே எத்தனை பக்கம், எந்தப் பக்கம் எங்கே தொடங்குகிறது, படத்தின் அகல உயரம் எவ்வளவு என்பன போல. மென்பொருள் அந்தக் குறிப்பை நம்பித்தான் உள்ளே போகும். 'இணைப்பு 4 தாள்' என்று எழுதிவிட்டு மூன்று தாளை மட்டும் வைத்த மனுவை எண்ணிப் பாருங்கள். நல்ல குமாஸ்தா, "ஒரு தாள் குறைகிறது" என்று திருப்பிக் கொடுப்பார். மோசமான குமாஸ்தா நான்காவது தாளைத் தேடிக்கொண்டே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார். வரிசை அப்படியே நிற்கும்.

வேறு வகைகளும் உண்டு. 'மீதியை 7ஆம் பக்கம் பார்க்க' என்று 5ஆம் பக்கத்திலும், '5ஆம் பக்கம் பார்க்க' என்று 7ஆம் பக்கத்திலும் எழுதியிருந்தால் மென்பொருள் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். சுருக்கி மடித்த கோப்பு ஒன்று உலகப் பிரசித்தம். அதன் அளவு 42 கிலோபைட்தான். ஒரு சிறிய புகைப்படத்தின் அளவுகூட இல்லை. முழுவதும் விரித்தால் நான்கரை பெட்டாபைட் ஆகும். அதாவது நாற்பத்தைந்து லட்சம் ஜிகாபைட். விரிக்க முயன்ற இயந்திரம் மூச்சுத் திணறிப் படுத்துவிடும்.

இப்படி இயந்திரத்தை வேலை செய்ய விடாமல் முடக்குவதைச் சேவை மறுப்பு என்கிறார்கள். இங்கே எதுவும் திருடுபோவதில்லை. யாருடைய ரகசியமும் வெளியே போவதில்லை. வாசலை அடைப்பது மட்டும்தான். நமக்குப் புரியும் உதாரணம் கையருகிலேயே இருக்கிறது. குட்டிக்கானம் இறக்கத்தில் மழைக்காலத்தில் மண் சரிந்து கோட்டயம் சாலையை அடைத்துவிட்டால், நம் வீட்டுப் பொருள் ஒன்றும் களவு போவதில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கர்ப்பிணிக்கு அந்த மண் குவியல் திருடனைவிடக் கொடியது.

அக்காவின் பேரன் அறியாமல் செய்ததைக் கெட்ட எண்ணம் உள்ளவன் அறிந்தே செய்யலாம். ஆகவேதான் இத்தகைய பலவீனத்தை வெறும் பிழை என்று விட்டுவிடாமல் பாதுகாப்பு ஓட்டை என்று வகைப்படுத்துகிறார்கள். உலகெங்கும் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு எண் கொடுத்து வெளியிடும் பொதுப் பட்டியல் ஒன்று 1999 முதல் இருக்கிறது. நம் நாட்டில் செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு 2004 முதல் எச்சரிக்கைகள் வெளியிட்டு வருகிறது. 'சிதைந்த கோப்பைத் திறந்தால் செயலி நின்றுவிடும்' என்ற வகை ஓட்டைகள் அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன.

சிக் லைன் என்ற பாடம்

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் என் மருமகன் விடுமுறையில் வந்திருந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். அவன் சொன்னான்: "மாமா, வர்ற கோப்பையெல்லாம் நம்ப முடியுமா? ஏதோ தப்பு இருக்குன்னு தெரிஞ்சா நின்னுடறதுதானே பாதுகாப்பு? உங்க ரயில்லயும் அப்படித்தானே?"

நல்ல கேள்வி. ரயில்வேயில் சந்தேகம் வந்தால் நிற்பதுதான் முதல் விதி. ஓடும் வண்டி இரண்டாக அறுந்தால் பிரேக் குழாயில் உள்ள காற்று வெளியேறி, யாரும் தொடாமலேயே பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். சிக்னல் கம்பி அறுந்தால் விளக்கு பச்சையாக நிற்காது, சிவப்புக்குத்தான் போகும். பழுது ஏற்பட்டால் பாதுகாப்பான பக்கமாகவே சாய வேண்டும் என்பது எங்களுக்குப் பாலபாடம்.

ஆனால் மருமகனுக்குத் தெரியாத இரண்டாவது பாடம் ஒன்றும் உண்டு. ஐம்பது வேகன் கோத்த சரக்கு வண்டி போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு வேகனின் அச்சு சூடேறிப் புகைகிறது. இதை ஹாட் ஆக்சில் என்போம். வழியில் நிலைய ஊழியர் பார்த்துவிட்டுச் சிவப்புக் கொடி காட்டுவார். வண்டி நிற்கும். பிறகு? அந்த ஒரு வேகனைக் கழற்றிப் பக்கத்துத் தடத்தில் தள்ளிவிட்டு, மீதி வேகன்களோடு வண்டி கிளம்பும். யார்டுக்கு வரும் பழுதான வேகன்களுக்கென்றே சிக் லைன் என்று தனித் தடம் இருக்கும். நோயாளி வேகனுக்கு அடையாளம் எழுதி, அங்கே கொண்டுபோய் நிறுத்தி, சாவகாசமாகப் பழுது பார்ப்போம். ஒரு வேகன் சிக் ஆனது என்பதற்காக யார்டை இழுத்து மூடிய மேலாளரை என் சர்வீசில் நான் பார்த்ததில்லை.

ஆக, நிற்க வேண்டியது எது என்பதுதான் கேள்வி. பழுதான வேகன் நிற்கலாம்; நிற்கவும் வேண்டும். வரிசை நிற்கக் கூடாது. சேவை மையத்தில் அன்று இருந்த மென்பொருளுக்குச் சிக் லைன் கிடையாது. அதுதான் குற்றம்.

லண்டன் வானத்தில் நடந்தது

ஏதோ மலை நாட்டுச் சின்னக் கடையில் நடந்ததை இவர் ஊதிப் பெரிதாக்குகிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்ட் 28, திங்கட்கிழமை. பிரிட்டனில் அன்று விடுமுறை நாள். அந்நாட்டு வான் போக்குவரத்தை நடத்தும் நாட்ஸ் நிறுவனத்தில், விமானங்களின் பயணத் திட்டங்களை வாங்கிப் பகுத்துக் கொடுக்கும் கணிப்பொறி காலை எட்டரை மணியளவில் நின்றுபோனது. காரணம் ஒரே ஒரு பயணத் திட்டம்.

லாஸ் ஏஞ்சல்சிலிருந்து பாரிசுக்குப் போகும் விமானம் அது. வானத்தில் வழி சொல்வதற்குக் குறியிடங்கள் உண்டு; ஒவ்வொன்றுக்கும் சுருக்கப் பெயர் உண்டு. அந்த விமானத்தின் பாதையில் டி.வி.எல். என்ற ஒரே பெயரில் இரண்டு இடங்கள் வந்தன. ஒன்று அமெரிக்காவில் டெவில்ஸ் லேக், மற்றொன்று பிரான்சில் டோவில். இரண்டுக்கும் இடையே ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தூரம். விமானம் பிரிட்டனின் வான்பரப்பை விட்டு வெளியேறும் இடத்தைத் தேடிய மென்பொருள் தவறான டி.வி.எல்.லைப் பிடித்துக்கொண்டது. உள்ளே வருவதற்கு முன்பே விமானம் வெளியே போய்விட்டதாக அதற்குக் கணக்கு வந்தது. இது அசாத்தியம் என்று கண்டதும் வேலையை நிறுத்திக்கொண்டது. உடனே மாற்று இயந்திரம் பொறுப்பை ஏற்றது. அதற்கும் அதே பயணத் திட்டம்தான் முதலில் கொடுக்கப்பட்டது. அதுவும் நின்றது. இவ்வளவும் இருபது விநாடிக்குள்.

நம் கடைத்தெரு மையத்தில் நடந்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இடமும் பணமும்தான். அக்காவின் கோப்பை நான்கு முறை எடுத்து நான்கு முறையும் நின்றதும், ஒரே திட்டத்தை இரண்டு இயந்திரங்களும் எடுத்து இரண்டும் நின்றதும் ஒரே நோய்.

அவசரத்துக்கு அழைக்கப்பட்ட பொறியாளர் விடுமுறை நாளானதால் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தபடி சரிசெய்ய முடியாமல் நிலையத்துக்கு வந்து சேரவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மென்பொருளைச் செய்து கொடுத்தவர்களை அழைத்ததோ நான்கு மணி நேரத்துக்குப் பிறகு. அதுவரை ஊழியர்கள் கையால் திட்டங்களைப் பதிவு செய்தார்கள். மொத்தம் ஏழு லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு விசாரணை அறிக்கை சொல்கிறது.

இதில் நான் அடிக்கோடிட விரும்புவது ஒன்று உண்டு. அந்தப் பயணத் திட்டத்தில் தவறே இல்லை. விதிப்படி சரியாகத்தான் இருந்தது. மென்பொருள்தான் அதைத் தவறாக வாசித்தது. அதற்கு முன் ஒன்றரைக் கோடித் திட்டங்களைப் பிழையின்றிக் கையாண்ட இயந்திரம்தான். அப்படி ஒன்று வரும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. வானத்தில் தவறான தகவலை அனுப்புவதைவிட நிற்பது மேல் என்ற கொள்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஒரு திட்டத்தைக் கழற்றி ஓரமாக வைத்து, "இதை மனிதர் ஒருவர் பாருங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும். சிக் லைன் இல்லாததால் ஒரு வேகனுக்காக யார்டே நின்றது.

வீட்டுக்குள்ளிருந்தே வந்த கோப்பு

அந்நியரிடமிருந்து வரும் கோப்பைத்தானே சந்தேகிக்க வேண்டும், சொந்த வீட்டுக் கோப்பை நம்பலாமே என்று கேட்பவர்களுக்கு அடுத்த ஆண்டே பதில் வந்தது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரௌட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், தன் காவல் மென்பொருளுக்கு ஒரு சிறிய கோப்பை அனுப்பியது. நம் நேரப்படி காலை 9.39. அந்தக் கோப்பில் 21 கட்டங்களுக்கு உரிய விவரத்தை ஒப்பிடும்படி சொல்லியிருந்தது. மென்பொருளிடம் இருந்ததோ 20 கட்டங்கள்தான். இல்லாத இருபத்தோராவதைத் தேடிப் போன இயந்திரங்கள் நீலத் திரையோடு விழுந்தன. நான்காவது தாளைத் தேடிய குமாஸ்தாவின் கதையேதான்.

நிறுவனம் தவறை உணர்ந்து 10.57க்குக் கோப்பைத் திரும்பப் பெற்றது. 78 நிமிடங்கள்தான். அதற்குள் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் படுத்துவிட்டன என்று மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. விமான நிலையங்கள், வங்கிகள், மருத்துவமனைகள் தவித்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பேனாவும் காகிதமும் அன்று மானத்தைக் காப்பாற்றின. விழுந்த இயந்திரங்கள் பலவற்றை எழுப்ப ஒவ்வொன்றின் எதிரிலும் ஓர் ஆள் உட்கார்ந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

இதைச் செய்தவன் எதிரி அல்லன், காவல்காரன். வருவது யாரிடமிருந்து என்பதைவிட, வந்ததை எப்படி வாங்குகிறோம் என்பதே முக்கியம். என் பிரிவில் சொந்தப் பணிமனையிலிருந்து புதுப்பித்து வந்த பெட்டியையும் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் வண்டியில் கோக்க மாட்டோம்.

நம் எழுத்துக்கும் இந்தக் கதிதான்

நம் மொழிகளுக்கு நெருக்கமான உதாரணம் ஒன்றும் உண்டு. 2018 பிப்ரவரியில் ஐபோன் வைத்திருந்தவர்கள் ஒரு தெலுங்கு எழுத்தைக் கண்டு நடுங்கினார்கள். தெலுங்கில் ஞானம் என்ற சொல்லின் தொடக்கத்தில் வரும் கூட்டெழுத்து அது. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைக்குறியோடு சேர்ந்து அது ஒரு செய்தியில் வந்தால், அதைத் திரையில் வரைய முயன்ற செயலி அப்படியே மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் மறுபடி மூடியது. விஷமக்காரர்கள் வேண்டுமென்றே அனுப்பி விளையாடினார்கள். ஆப்பிள் நிறுவனம் அம்மாதம் 19ஆம் தேதி திருத்தம் வெளியிட்டது.

பத்திரிகைகள் பல, 'தெலுங்கு எழுத்து போனைக் கெடுக்கிறது' என்றே எழுதின. எழுத்தா கெடுத்தது? பல நூறு ஆண்டுகளாகக் கோடிக்கணக்கானோர் எழுதும் எழுத்து. அதை வரையத் தெரியாத மென்பொருளைச் செய்துவிட்டு எழுத்தின் மேல் பழி போடுவது, லயத்து அக்காவின் மேல் பழி போட்டதற்குச் சற்றும் குறைந்ததன்று. இன்று தெலுங்குக்கு நேர்ந்தது நாளை தமிழுக்கும் நேரலாம். நம் மொழியிலும் நம் பழைய காகிதங்களிலும் சோதித்துப் பார்க்காமல் செய்த கருவிகளைத்தான் நம் கையில் கொடுத்து, "ஒழுங்காகப் பயன்படுத்துங்கள்" என்கிறார்கள்.

முப்பத்தாறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த மருந்து

இதற்கு மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. அது பிறந்ததும் ஒரு மழை இரவில்தான். 1988இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், இடி மின்னலோடு மழை கொட்டிய ஓர் இரவில் வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகக் கணிப்பொறியில் வேலை செய்துகொண்டிருந்தார். மின்னலால் கம்பியில் இரைச்சல் புகுந்து, அவர் அனுப்பிய எழுத்துகளோடு கண்ட கண்ட எழுத்துகள் கலந்தன. அதில் அவர் வியந்தது, இந்தக் குப்பை எழுத்துகளைத் தாங்க முடியாமல் புகழ்பெற்ற நிரல்களெல்லாம் விழுந்ததுதான்.

உடனே மாணவர்களுக்கு அதையே பயிற்சியாகக் கொடுத்தார். வேண்டுமென்றே குப்பையை உண்டாக்கி ஒவ்வொரு நிரலுக்கும் ஊட்டிப் பார்த்தார்கள். 1990இல் முடிவை வெளியிட்டபோது, சோதித்த நிரல்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை விழுந்தோ உறைந்தோ போனது தெரிந்தது. இன்று உலகின் பெரிய நிறுவனங்கள் இந்த முறையை நாள்தோறும் பயன்படுத்துகின்றன. ஆகவே 'இப்படி ஒரு கோப்பு வரும் என்று எதிர்பார்க்கவில்லை' என்பது இனிச் செல்லுபடியாகும் சாக்கு அன்று. நல்ல கோப்பைக் கொடுத்து மட்டும் சோதித்த மென்பொருள், வெறும் வேகனை இழுத்துப் பார்த்துவிட்டு நல்ல எஞ்சின் என்று சான்று கொடுத்ததற்குச் சமம்.

நின்றால் என்ன, திருட்டு இல்லையே?

மென்பொருள் உலகில் சிலர், தகவல் திருட்டைத் தலைபோகும் காரியமாகவும் சேவை நிற்பதைச் சில்லறைக் காரியமாகவும் எண்ணுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்தால் ஆயிற்று என்கிறார்கள். மாடி அறையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லலாம். 2024 மார்ச்சில் நம் மாநிலத்தில் ரேஷன் அட்டைதாரர்களின் மஸ்டரிங், சர்வர் தடுமாறியதால் நிறுத்திவைக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குக் காரணம் சிதைந்த கோப்பு அன்று. ஆனால் வாசல் அடைபட்டால் வெயிலில் நிற்பது யார் என்பதை அது காட்டியது. நாள் கூலியை விட்டு வந்தவருக்கு ஒரு மணி நேரம் என்பது ஒரு மணி நேரம் அன்று, ஒரு நாள்.

வெளியூரில் பிழைக்க வந்த நமக்கு இது இரட்டைச் சுமை. நம் ஆவணங்கள் இரண்டு மாநிலங்களில், இரண்டு மொழிகளில் இருக்கின்றன. கம்பத்தில் வாங்கிய சான்று ஒரு பக்கம், எஸ்டேட் கொடுத்த சீட்டு ஒரு பக்கம். பழையவை, நைந்தவை, நகலின் நகல்கள். எந்த இயந்திரம் தடுக்கினாலும் அது முதலில் தடுக்குவது நம் காகிதத்தில்தான். உடனே விரல் நம்மை நோக்கி நீளும். நாமும் தலை குனிந்து, "எங்கள் காகிதம் சரியில்லை, சார்" என்று ஒப்புக்கொள்வோம். இந்தப் பழக்கத்தைத்தான் விட வேண்டும் என்கிறேன்.

செய்யத் தக்கவை

நம் பக்கமும் கடமை உண்டு. பென் டிரைவை 'வெளியேற்று' என்று சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். கோப்பைக் கொடுப்பதற்கு முன் வேறொரு கருவியில் ஒருமுறை திறந்து கடைசிப் பக்கம் வரை பார்க்க வேண்டும். மூலக் காகிதத்தை எப்போதும் உடன் கொண்டுபோக வேண்டும். முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் திறக்க வேண்டாம். கைப்பேசி கேட்கும் திருத்தங்களைத் தள்ளிப்போட வேண்டாம். ஓட்டைகளை அடைக்கும் மண் அவற்றில்தான் வருகிறது. கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே போய்விடுவது எல்லாவற்றிலும் நல்லது.

சேவை நடத்துபவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, கெட்ட கோப்பை ஒதுக்கிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கும் வழி மென்பொருளில் இருக்க வேண்டும். இரண்டு, 'பிழை' என்று வெறுமனே காட்டாமல், எந்தக் கோப்பில் என்ன குறை என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் சொல்ல வேண்டும். மூன்று, இயந்திரம் நின்றால் ஒரு குறிப்பேட்டில் பெயரும் நேரமும் எழுதி, முத்திரையிட்ட சீட்டு கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டைக் கடைசித் தேதிக்குள் வந்ததற்குச் சான்றாக ஏற்க வேண்டும். கையால் எழுதிய போர்டிங் பாசில் விமானம் ஏறலாம் என்றால், கையால் எழுதிய சீட்டில் ஓர் ஏழை மூதாட்டியின் உரிமை ஏன் நிற்கக் கூடாது?

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு, சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை போடுவோம். கணிப்பொறி தெரிந்த பிள்ளைகள் நான்கு பேர் உட்காரட்டும். முதியோரின் பழைய காகிதங்களைச் சரியாக ஸ்கேன் செய்து, திறந்து பார்த்து, இரண்டு பிரதி எடுத்துக் கொடுக்கட்டும். நம் ஊருக்கு ரயில்தான் வரவில்லை. ஒரு சிக் லைனாவது வரட்டும்.

கடைசியாக, மென்பொருள் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கொழுந்துக் கூடை சுமந்த காசில்தான் நம்மில் பலர் படித்தோம். நாளை நீங்கள் எழுதும் நிரலுக்கு முன்னால், முந்தானையில் பென் டிரைவை முடிந்துகொண்டு யாராவது ஓர் அக்கா வந்து நிற்பார். அவர் கோப்பு கோணலாகத்தான் இருக்கும். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, "உட்காருங்க அக்கா, சரி பண்ணிடலாம்" என்று சொல்லும்படி உங்கள் நிரலை எழுதுங்கள்.